வைக்கோலுக்குப் பின்னால் மிலூத்தின் பெயர்

காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிஸ்லான் காலையிலிருந்து அந்த வைக்கோல் அடுக்கின் முன்னால் நின்றாள். பெருநாளுக்கு ஆடு பிடித்த வீட்டுக்காரர்கள் கட்டுக் கட்டாய் வாங்கிப் போனார்கள். அடுக்கு குறைந்தபாடில்லை. அதற்கு மேலே, கட்டடத்தின் முழு உயரத்துக்கும் தீட்டிய ஓவியத்தில், வலை பின்னும் மீனவப் பெண் ஒருத்தி நீலக் கடலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். காசாபிளாங்காவின் சுவரோவியங்களைத் தேடித் தேடிப் படமெடுத்துச் சேர்த்துவைப்பவள் கிஸ்லான். இந்தச் சுவரை நினைத்தாலே அவளுக்கு மனம் பொறுக்கவில்லை.

சுவரோவிய விழா நடத்தியவர்கள் வெளிநாட்டிலிருந்து ஓர் ஓவியரை அழைத்தார்கள். அவர் காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, திறப்பன்று தூரிகையோடு வந்து நின்றார். சுவரிலும் அவர் பெயர்தான். கயிற்றில் தொங்கி, வெயிலில் வெந்து வரைந்தவன் உள்ளூர்ப் பையன் மிலூத். கடைசி நாள் இறங்கியதும், படம் கெடக்கூடாதென்று ஓரமாய், முழங்கால் உயரத்தில் தன் பெயரை எழுதிவைத்தான். கிஸ்லான் அன்று தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் அது எறும்பளவுக்குத்தான் இருந்தது. இப்போது தன்ஜா நகரில் அவனுக்கே ஒரு சுவர் தருகிறார்களாம். அவன்தான் வரைந்தான் என்று காட்ட, வைக்கோல் மறைத்த அந்தப் பெயர் தெரிகிற படம் இன்று மாலைக்குள் போயாக வேண்டும்.

"ஹாஜியாரே, அந்த மூலைய மட்டும் ஒதுக்கிக் குடுங்களேன். ஒரே ஒரு படம்."

"காலையிலேருந்து இதே பாட்டு," என்றார் வைக்கோல்காரர் பூஅஸ்ஸா. "இந்த எடத்தப் புடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஜனம் செவுரப் பாக்கவா வருது?"

"நாங்களே எறக்கி நாங்களே அடுக்கிடறோம்," என்றான் அவளோடு வந்திருந்த மிலூத்.

"ஆட்ட விட நீங்கதான்டா ரொம்ப முட்டறீங்க. சரி, சிந்தினதப் பெருக்கிடணும்."

இருவரும் கட்டுகளை இறக்கினார்கள். கழுத்துக்குள் தூசி புகுந்து அரித்தது. கடைசிக் கட்டும் நகர்ந்தது. சுவரில் கடல் மட்டும் இருந்தது.

"இங்கதான்கா எழுதினேன். சத்தியமா இங்கதான்." மிலூத் மண்டியிட்டுச் சுவரைத் தடவினான்.

"அந்த எழுத்தா?" என்றார் பூஅஸ்ஸா. "நான் கட்டு எறக்கறதுக்கு முன்னாடியே விழாக்காரங்க ஆளு டப்பாவோட வந்து, எவனோ கிறுக்கிட்டான்னு பூசிட்டுப் போனாங்களே. நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன்."

"அடப்பாவி மனுஷா! காலையிலயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று கத்தினாள் கிஸ்லான்.

"நீ வைக்கோல நகத்தச் சொன்னே. எழுத்தப் பத்தி வாயத் தொறந்தியா?"

கிஸ்லான் காமிராவைக் கையில் எடுத்தாள். பூசின தடத்தையாவது படமெடுத்துவிடலாமென்று சுவரோடு ஒட்டிக் குனிந்தாள். நிழலில் பார்த்தாள், வெயிலில் பார்த்தாள். எங்கே தொடங்கி எங்கே முடித்தார்கள் என்றே தெரியவில்லை.

"தடம் தெரியாதுக்கா," என்றான் மிலூத். "மிச்சமிருந்த டப்பாவக் கொண்டாந்திருப்பாங்க. அது நான் கலக்குன நீலம்."

பூஅஸ்ஸா தொண்டையைச் செருமினார். மிலூத் எழுந்து, சொன்ன சொல்படி, முதல் கட்டைத் தூக்கி அந்த நீலத்தின்மேல் சாத்தினான்.