ஒளுவுக்குத் தூக்கிய கை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எலும்பு டாக்டர் கேட்டபோது, மாவாட்டுவேன், துணி துவைப்பேன் என்று சர்புன்னிசா பட்டும் படாமல் சொல்லி வைத்தாள். அவர் அவளுடைய வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார். உயிர் போய் உயிர் வந்தது. தசைநார் உறை வீங்கியிருக்கிறது, கட்டைவிரலை விரித்துப் பாரம் தூக்கினால் இப்படித்தான் ஆகும், பட்டி போட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் எதையும் தூக்கக் கூடாது, கேட்காவிட்டால் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் சின்ன ஆபரேஷன் என்றார். கூட வந்த மகள் மஹ்ஜபீன் அம்மாவை முறைத்தாள்.

அந்தப் பாரம் பேகம்பூர் வீட்டில் கட்டிலில் கிடந்தது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன அவள் கணவர் சேக் பரீதுக்கு, ஐந்து வேளைத் தொழுகைக்கும் தண்ணீரில்தான் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். முடியாதவர்கள் மண்ணிலோ செங்கல்லிலோ கை பதித்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டாலே போதும், அது மார்க்கம் தந்த சலுகை என்று இமாமே வந்து சொல்லியும் மனிதர் மசியவில்லை. வேளைதோறும் சர்புன்னிசாதான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, குழாயடிக்கு நடத்திப் போவாள். அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அவள் தோளில் கை போட்டது இப்போதுதான். இதைப் போய் எந்த டாக்டரிடம் சொல்வது?

வீட்டு வாசலிலேயே பட்டியைக் கழற்றி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். மஹ்ஜபீனுக்குப் பொறுக்கவில்லை. நேரே கட்டிலில் கிடந்த அத்தாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் விட்டத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

பள்ளிவாசலில் மாலைத் தொழுகையான அசருக்குப் பாங்கு சொன்னதும் சர்புன்னிசா கட்டிலருகே குனிந்தாள்.

"எந்திரிங்க. தண்ணி புடிச்சு வச்சுட்டேன்."

"வேணாம் புள்ள. நான் இப்படியே செஞ்சுக்கிறேன்." வாய் குழறியது. "நீ அந்தப் பட்டிய மாட்டு."

"எனக்கு வலிக்கலங்க."

அவர் கட்டிலை ஒட்டிய பூசாத செங்கல் சுவரில் வலது உள்ளங்கையைப் பதித்து முகத்தைத் தடவினார். இனி அந்தக் கை தன் தோளுக்கு வராது என்று அவளுக்குத் தெரிந்தது. மறுபடி சுவரில் பதித்து, செத்துக் கிடந்த இடது கையைத் தடவினார். வலது கையைத் தடவ இடது கை வரவில்லை. சர்புன்னிசா தன் கையை நீட்டினாள். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, புறங்கையைத் திருப்பிச் செங்கல்லிலேயே மெல்லத் தேய்க்கத் தொடங்கினார்.