அக்காளின் வலப்பக்கம்

எங்கள் பூமயில் அக்காளின் மண்டைக்குள் கட்டி இருந்ததை மதுரை ஸ்கேன் மிஷினுக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவன் நான். மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியதைத் தவிர எனக்கு வேறு படிப்பு கிடையாது. ஒரே ஒரு விளமீன் தலையை வைத்துக் கண்டுபிடித்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் தம்பி பாண்டித்துரையும் சிரித்தான்.

அக்காளுக்கு எழுபத்திரண்டு வயசு. அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, சாயல்குடியில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. நடுவில் அவள், இடப்பக்கம் நான், வலப்பக்கம் தம்பி. சின்ன வயசிலிருந்து அதுதான் ஏற்பாடு. குழம்புச் சட்டி அவள் முன்னால் இருக்கும். மீன் தலை, முதலில் கேட்கிறவனுக்கு.

நான் ரிட்டையர் ஆன வாரம் எனக்குத் தலை கிடைத்தது. அதுதான் கடைசி. அப்புறம் மூன்று வருஷம் நான் கேட்கக் கேட்க, அக்கா தம்பி பக்கமே திரும்பி, அவன் தட்டிலேயே தலையைப் போட்டாள். அவன் தின்ற தலைகளை அடுக்கினால் பாம்பன் பாலத்துக்கு இன்னொரு தூண் நிறுத்தலாம். நான் மிளகாய்ச் செடியைப் பற்றி அரைமணி நேரம் பேசினாலும் பதில் வராது. அவன் தும்மினால், "என்னப்பா" என்பாள். அவனிடம் கார் இருக்கிறது, ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப்போகிறான், என்னிடம் இருப்பது பழைய மொபெட். அதனால்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு ஒரு கம்பி இழுத்திருந்தால் உப்பூரில் அனல்மின் நிலையம் என்ற பேச்சே வந்திருக்காது.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சும்மா வம்புக்கு, முன்கூட்டியே போய்த் தம்பியின் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு விளமீன் குழம்பு. தலை கன்றுக்குட்டித் தலை அளவுக்கு இருந்தது. எனக்கு என்று வாய்க்குள் முணுமுணுத்தேன், தட்டில் வந்து விழுந்தது. இடப்பக்கம் தம்பி மூன்று தடவை ரசம் கேட்டான். அக்கா திரும்பவில்லை. நாலாவது தடவை கத்தினான். அப்போதும் அவள் என்னைப் பார்த்து, நீயா கூப்பிட்டாய் என்று கேட்டாள். அவன் விறுவிறுவென்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

ஜெயித்த சந்தோஷம், மீன் தலையின் ஒரு கண்ணைத் தின்று முடிக்கிற வரைக்கும்தான் இருந்தது. பிறகு உறைத்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்காளின் இடது காதோரம் பிடித்தேன். என்னத்தைப் பிடித்திருக்கிறாய் என்றாள். வலது காதோரம் பிடித்ததும், நல்லா ஓடுதே என்றாள்.

ராமநாதபுரத்துக் காது டாக்டர் எங்களை மதுரைக்கு அனுப்பினார். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கட்டி. புற்று இல்லை. இளநீர் அளவு என்று ஊரில் சொல்லி வைத்தேன். உள்ளபடிக்கு ஒரு சின்ன நெல்லிக்காய்.

மதுரையில் டாக்டர் ஜுமானா இரண்டு வழி சொன்னார். மண்டையைத் திறந்து கட்டியை எடுக்கலாம். அந்தக் காதில் மிச்சமிருக்கிற கேட்கிற சக்தியும் போய்விடும். ஒட்டிக்கொண்டு ஓடுகிற முக நரம்பில் பட்டால் வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளலாம். இல்லையென்றால் கதிர்வீச்சு கொடுக்கலாம். வெட்டு இல்லை. கட்டி உள்ளேயே கிடக்கும், பெரும்பாலும் வளராது, காது மெல்ல மெல்ல மந்தமாகலாம், வருஷா வருஷம் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டு, ஆபரேஷன்தான் என்றான் தம்பி. அவன் ஆபரேஷன் என்றதால் நான் கதிர் என்றேன். அவன் கதிர் என்றிருந்தால் நானே கத்தியைத் தீட்டிக் கொடுத்திருப்பேன், மறைப்பானேன்.

"ரெண்டு பேரும் இருங்க," என்றார் டாக்டர். "அம்மாவுக்குக் காது எப்ப இருந்து மந்தம்? ஒப்பிட்டுப் பாக்கப் பழைய ஸ்கேன் இல்ல. மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமான்னா, இந்த வயசுக்குக் கதிரே போதும். ஒரு மாசத்துல இவ்வளவுன்னா, கட்டி வேகமா வளருதோன்னு நான் பயப்படணும். எடுத்துடுறதுதான் நல்லதும்பேன்."

அக்காளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊரில் எல்லாரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தாளாம். நான் மீன் தலைக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். தலையின் அளவைத் தவிர ஒன்றையும் கூட்டவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இவரு பேச்ச நம்பாதீங்கம்மா," என்றான் தம்பி. "போன மாசம் வரைக்கும் அக்காவுக்கு நல்லாக் கேட்டுச்சு. இடம் மாறுனது, ரசம் கேட்டது, ஒண்ணும் நடக்கல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று வருஷம் என்று ஒத்துக்கொண்டால், அவன் தட்டில் விழுந்த தலையெல்லாம் பாசத்தால் விழுந்தது இல்லை, என் குரல் கேட்காததால் விழுந்தது என்று ஆகிவிடும். அதை விட்டுத்தர அவனுக்கு மனசில்லை. அதற்காகவே மூன்று வருஷம் வெந்தவனுக்குத் தெரியாதா? ஆனால் அவன் விட்டுத்தராவிட்டால் கத்தி அக்காளின் மண்டைக்குப் போகும்.

அக்கா நல்ல காதை அவன் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள். "ஏலே பாண்டி, வாய் கோணித்தான் ஆகணும்னாக் கோணட்டும். ஒன் வீம்புக்குக் கோண வேணாம். நெசத்தச் சொல்லு. நீ எந்தப் பக்கம் உக்காந்தாலும் தல ஒனக்குத்தான்."

நிற்கிற நிலையில் என் வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி அக்காளின் கையைப் பிடித்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நடந்துச்சும்மா," என்றான் டாக்டரிடம். "மூணு வருஷமாவே அண்ணன் கூப்பிட்டா அக்கா திரும்பாது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பொங்கலுக்குப் பெறகு இவரு இடம் மாறி உக்காந்தது, நான் ரசம் ரசம்னு கத்துனது, எல்லாம் நடந்துச்சு. தல மட்டும் கன்னுக்குட்டி அளவு இல்ல."