வலிக்கும் முன்பே தட்டணும்

மாப்பிள்ளை மச்சானின் முழங்காலை முறுக்கிவிட்டாராம் என்ற செய்தி சொந்தக்காரர்களிடையே பரவ ஒரு மாலைப்பொழுதுகூட ஆகவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் சொத்துத் தகராறு என்றே நினைத்தார்கள். "இல்ல, விளையாட்டுல" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி அவளுக்குத் தொண்டை வறண்டுபோனது. மச்சான் அவளுடைய அண்ணன். மாப்பிள்ளை அவளுடைய கணவன். சம்பவம் நடந்ததோ அவள் ஜியு-ஜிட்சு சொல்லித்தரும் கூடத்தில்.

பகலில் அவளுக்குப் பொய்ப்பல் செய்யும் வேலை. மாலையில், மரச்சாமான் கடையின் மாடியில் விரிப்புகளைப் போட்டுப் புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பாள். இந்தச் சண்டையில் குத்தும் உதையும் கிடையாது. எதிராளியைக் கீழே சாய்த்து, கையையோ காலையோ கழுத்தையோ பூட்டிப் பிடிக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் கையால் தட்டினால் பிடித்தவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். பஸ் ஓட்டும் அண்ணன் தொப்பையைக் குறைக்கச் சேர்ந்தான். ஏ.சி. மெக்கானிக்கான கணவனோ, மச்சான் போகும்போது தான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்று சேர்ந்தான்.

காலைப் பூட்டும் பிடிகளைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று கேட்டவர் வாயை அடைத்துவிடுவாள். கணவன் அடங்குகிற ஆள் இல்லை. ஏ.சி. வேலையையே ஃபோனில் பார்த்துக் கற்றுக்கொண்டவன். குதிகாலைப் பிடித்துத் திருகும் பிடியையும் அப்படியே கற்றுக்கொண்டான். அன்று அவள் கூடத்தின் மறுகோடியில் ஒரு ஜோடிக்குத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் கணவன் தன் கால்களை மச்சானின் காலில் பின்னி, குதிகாலை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டான்.

"மாட்டிக்கிட்டீங்க மச்சான், தட்டுங்க."

"எதுக்கு? வலிக்கவே இல்லையே!"

சரி, இன்னும் கொஞ்சம் என்று அவன் திருகினான். அதே நேரத்தில் அண்ணன் தப்பிக்கப் பார்த்து எதிர்த்திசையில் உருண்டான். மரச்சட்டம் விரிசல் விடுவதுபோல ஒரு சத்தம். அவள் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். கணவன் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆனால் சில மாதங்களுக்குக் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். டிப்போவில் அண்ணனை டிக்கெட் சரிபார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். கணவன் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போனான். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அண்ணிதான் பையை வாங்கி வைத்தாள்.

அண்ணி பியூட்டி பார்லர் நடத்துகிறவள். கத்தரிக்கோல் மாதிரி பேச்சு. "உங்க வீட்டுக்காரர் பண்ணினதை விடு. நீதானே அங்க டீச்சர்? நீ என்ன பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. கணவன்மேல் பழியைப் போடுவது சுலபம். ஆனால் தட்டாமல் இருந்தது அண்ணன். குதிகாலைத் திருகினால் முறுக்கு முழங்காலில்தான் ஏறும், வலி வரும்போது காரியம் கெட்டுப்போயிருக்கும் என்பதை அவனிடம் யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னதோடு தன் வேலை முடிந்தது என்று அவள் இருந்துவிட்டாள்.

மறுவாரம் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தாள். "இன்னைலேருந்து கால் பிடிகள் சொல்லித் தரேன். முதல்ல மாட்டிக்கறது எப்படின்னு கத்துக்கப் போறோம்."

அண்ணன் முழங்காலில் பட்டை கட்டி ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வந்திருந்தான். துணைக்கு வந்த அண்ணி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு போலீஸ் விசாரணைக்கு வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள்.

அவள் தன் காலை நீட்டிக் கணவனைக் கூப்பிட்டாள். "பிடிங்க."

"நான் தொடமாட்டேன்ம்மா. வேற யாரையாவது கூப்பிடு."

"நீங்கதான் பிடிக்கணும். பிடிச்சிட்டு அப்படியே இருங்க. திருகாதீங்க."

அவன் உட்கார்ந்து தன் கால்களை அவள் காலில் பின்னினான். குதிகால் அவன் முழங்கை மடிப்பில் அமர்ந்ததும் அவள் விரிப்பில் பட்பட்டென்று தட்டினாள். சுடுபாத்திரத்தைத் தொட்டதுபோல அவன் விட்டுவிட்டான்.

"என்னம்மா, அதுக்குள்ள தோத்துட்டே?" என்றாள் அண்ணி.

"தோத்தா என்ன அண்ணி, நாளைக்கு நடந்து வேலைக்குப் போவேன்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. "வலிக்கறதுக்கு முன்னாடியே தட்டணும்னா, எப்பன்னு எப்படித் தெரியும்?"

அந்த அறையில் யாரும் கேட்டிராத கேள்வி அது. "வலிய நம்பாதீங்க, இடத்தப் பாருங்க" என்று அவள் கணவனை மறுபடி பிடிக்கச் சொல்லிக் காட்டினாள். "என் முழங்கால் இவர் தொடைக்கு நடுவுல சிக்கியிருக்கு, வெளிய உருவ முடியல. குதிகாலும் இவர் கையில. ரெண்டும் போச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுது. தட்டிடணும். எந்தப் பக்கம்னு தெரியாம உருளக் கூடாது. முழங்கால உருவ முடிஞ்சா மட்டும் தப்பிக்கலாம்."

பிடிப்பவர்களுக்கும் சொன்னாள்: பிடித்தபின் அசையாமல் நிறுத்து; எதிராளி புரிந்துகொள்ள நேரம் கொடு. குதிகாலைத் திருகும் பிடியைப் புதியவர்கள் பழக்கத்துக்கு மட்டும் இப்படி நிறுத்திப் பார்க்கலாம். நிஜ ஆட்டத்தில் கணுக்காலை நேராக அழுத்தும் பிடி போதும். அது திருகாது, வலித்து எச்சரிக்கும்.

அன்றிலிருந்து கொஞ்ச காலம் விரிப்பில் பிடிப்பதும் தட்டுவதும் விடுவதுமாகவே போனது. சிலருக்கு அலுத்தது. ஒருவர் வராமலே நின்றுவிட்டார். அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் இந்தப் பயிற்சியில் கணவனுக்கு ஜோடியாக வந்தவர் கிடங்கில் சுமை தூக்குகிறவர். எல்லாரும் அவரை 'மூட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். தோற்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை. கணவன் அவர் காலைப் பின்னிக் குதிகாலை எடுத்து நிறுத்தினான். மூட்டை பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். கை தட்டவில்லை. தலையிடலாமா என்று அவள் ஓரடி எடுத்துவைத்தாள்.

அதற்குள் கணவன் கையைத் தளர்த்திக் குதிகாலை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"ஏன்யா விட்டே? நான்தான் தட்டலையே!" என்றார் மூட்டை.

"நீங்க தட்டலைன்னுதான்ண்ணே விட்டேன்."

மூட்டைக்குப் புரியவில்லை. பெருந்தன்மையோடு, "அப்ப நான் ஜெயிச்சேன்" என்றார். "ஆமாண்ணே, ஜெயிச்சீங்க" என்று சொல்லிவிட்டுக் கணவன் அடுத்த சுற்றுக்குத் தயாரானான்.

அன்றும் அண்ணியோடு வந்து நாற்காலியில் இருந்த அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்து எல்லாரும் விரிப்புகளைத் துடைக்கும்போது மெல்ல எழுந்து, ஊன்றுகோலை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, தான் அத்தனை வாரங்களாகப் பேசாமலிருந்த மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டான்.

"மாப்ள, மாடிப்படி இறங்கணும். கொஞ்சம் தாங்கிப் பிடி."

கணவன் அவன் இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்தான்.

"பாத்து. மெதுவா" என்றாள் அண்ணி பின்னாலிருந்து.

"அதெல்லாம் பாத்துதான் பிடிக்கறாரு, நீ சும்மா வா" என்றான் அண்ணன். இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். அவள் விளக்கை அணைத்துக் கூடத்தைப் பூட்டினாள்.