கண்ணெடுக்காமல்

ஒளி பட்டால்தான் வேலை செய்யும் எங்கள் மருந்து புற்றுநோய்ச் செல்லின் வெளிச்சவ்விலேயே நின்றுவிட்டால், ஒளி பட்டதும் சவ்வு கிழியும். சில செல்கள் தப்பிப் பிழைத்தும்விடும். உள்ளே போய், சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் குடியேறிவிட்டால், ஒளி பட்ட செல் தானாகவே செத்துப்போகும். எங்கே இருக்கிறதென்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவும் அதே ஒளிதான் வேண்டும். அதனால் இரண்டு விநாடிக்கு மேல் பார்க்கக் கூடாது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பன்னிரண்டு வருஷமாக இதைக் கத்திக் கத்திச் சொல்கிறவள் நான்.

இன்று தட்டில் இருந்தவை என் அண்ணன் தொண்டைக் கட்டியின் செல்கள். மருந்து சரியான இடத்துக்கே போய்ச் சிவப்பாக மின்னியது. ஊருக்கு உபதேசம் செய்தவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். என் கண்ணெதிரே ஒவ்வொன்றாகச் சுருங்கிச் செத்தன. சோதனை பாழ்.

அதே மருந்து ஏறிய உடம்போடு அண்ணன் மருத்துவமனையில், வெளிச்சம் படக் கூடாதென்று இருட்டறையில் படுத்திருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

“என்னோடதுன்னு தெரிஞ்சுமா கண்ண எடுக்கல?” என்றான், கரகரத்த குரலில்.

“தெரிஞ்சதாலதான்ணே எடுக்க முடியல.”

இருட்டில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“நாளைக்கு டாக்டர் லைட் அடிக்கறப்ப நீயும் கூட நில்லு. இதே மாதிரி பாரு.”