முப்பத்திரண்டு வருடம் கூட நடந்தவர்

குச்சனூர் ஈஸ்வரபாண்டிக்கு 1993-ஆம் வருடம் ஆடி மாதத்திலிருந்து சொந்த நிழல் கிடையாது. அவர் வெயிலில் நின்றால் தரையில் வேறொரு ஆளின் நிழல் விழும். ஈஸ்வரபாண்டி ஐந்தடி நாலங்குலம். நிழலுக்கு உரியவன் அவரைவிட ஒரு சாண் உயரம் என்று சின்னமனூரில் தையல்கடை வைத்திருந்த ஒருவர் டேப்பால் அளந்து சொன்னார். ஈஸ்வரபாண்டிக்கு இருபத்தொன்பது வயதிலேயே முன்னந்தலை ஏறிவிட்டது. நிழலுக்கோ சுருட்டை முடி. இடது தோள் சற்று இறங்கியிருக்கும், மூட்டை சுமந்து பழகியவர்களுக்கு இருப்பது போல. சும்மா நிற்கையில் நிழல் திடீரென்று வலது கையைத் தூக்கிப் பிடரியைத் தேய்க்கும். ஈஸ்வரபாண்டியின் கைகள் அப்போது அவர் இடுப்பில்தான் இருக்கும். முதல் வாரம் ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. பிறகு வாழைத்தார் வெட்டு தொடங்கிவிட்டதால் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

அது யாருடைய நிழல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பேர்தான் தெரியாது. அந்த ஆடி மாதம் மூன்றாம் சனிக்கிழமை சனீஸ்வரர் கோயிலில் கூட்டம் நெருக்கியது. வெளியூரிலிருந்து வந்த ஒருவன் சுரபி ஆற்றில் தலை முழுகி, தோஷம் கழிய உடுத்தியிருந்த சட்டையை ஆற்றோடு விட்டு, கரையேறிப் பார்த்தால் மாற்றுத்துணி வைத்திருந்த பையைக் காணோம். ஈர வேட்டியோடு, வெற்று மேலோடு, பஸ் ரோட்டுக்குப் போகக் குறுக்கு வழி தேடி வாழைத்தோட்டங்களுக்குள் வந்தான். மடை திறந்து நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஈஸ்வரபாண்டி அவனைப் பார்த்து இரக்கப்பட்டு, பம்ப்செட் ஆணியில் தொங்கிய தன் சட்டையை எடுத்துக் கொடுத்தார். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்டது. இருவரும் வரப்பில் உட்கார்ந்து ஆளுக்கொரு பீடி பிடித்தார்கள். ஏலக்காய்க் காட்டில் இந்த வருடம் அட்டை அதிகம் என்று அவன் சொன்னான். எழுந்து போகும்போது, "வார சனிக்கிழம சட்டையக் கொண்டாந்து குடுத்துர்றேண்ணே" என்றான். "அதுக்கென்ன, மெதுவா வாங்க" என்றார் இவர். பேரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

ஈஸ்வரபாண்டியின் பங்காளி பொன்னுராஜுக்கும் அவருக்கும் ஒரு வரப்பு விஷயமாக மூன்று வருடப் பகை. அன்று மாலை பொன்னுராஜும் இன்னொருவனும் ஒற்றையடிப் பாதையில் அரிவாளோடு காத்திருந்தார்கள். ஈஸ்வரபாண்டி தினமும் வீடு திரும்பும் பாதை அது. நீலக் கட்டம் போட்ட சட்டை வந்தது. பின்னாலிருந்து வெட்டினார்கள், விழுந்த பிறகும் வெட்டினார்கள், பார்த்து இன்னாரென்று சொல்ல முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை. செத்தது வேறு ஆள் என்று பொன்னுராஜுக்குத் தெரிந்தது, கால்மணி நேரம் கழித்து ஈஸ்வரபாண்டியே வெற்று மேலோடு அந்தப் பாதையில் நடந்து வந்தபோதுதான். அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிய பொன்னுராஜ் மூன்றாம் நாள் தானாகப் போய்ச் சரணடைந்தான். ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பில் கொலையுண்டவர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் முப்பது' என்று இருந்தது. ஏலத்தோட்டங்களில் போலீஸ் விசாரித்தது. அங்கே வருவோரும் போவோரும் ஆயிரம் பேர். யாரைக் காணோம் என்று யாருக்கும் கணக்கில்லை. அனாதைப் பிணமென்று புதைத்தார்கள். புதைத்த மறுநாள் காலை பம்ப்செட்டில் குளித்துவிட்டு வெயிலில் துவட்டிக்கொண்டிருந்த ஈஸ்வரபாண்டி, தன் காலடியில் சுருட்டை முடியோடு ஒருவன் நிற்பதைக் கண்டார்.

வீட்டில் அதிகம் கஷ்டப்பட்டது அவர் மனைவி அக்கம்மாள். வேற்று ஆம்பிளையின் நிழல் தன்மேல் படுவதை அவளால் பொறுக்க முடியவில்லை. முற்றத்தில் அவள் வேலையாக இருக்கும்போது அவர் வந்து நின்றால், "அந்தண்ணன அங்கிட்டு நகரச் சொல்லுங்க, சோறு வடிக்கணும்" என்பாள். வெயிலில் புருஷனோடு சேர்ந்து நடக்கமாட்டாள். பத்தடி தள்ளி வருவாள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனாள். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அக்கம்மாள் வாய்விட்டுச் சொன்னாள்: "அவுக செத்ததுனாலதான் நீங்க இருக்கீக. அது எனக்கும் தெரியும். ஆனா எனக்கும் ஒரு புருசன் வேணும்ல?" மறுநாள் காலை ஈஸ்வரபாண்டி வழக்கம்போல, நிழலுக்கு உரியவனின் பேரைத் தேடிப் பஸ் ஏறினார்.

எங்கே போனாலும் அவர் செய்தது ஒன்றுதான். வெயில் சாய்வாக விழும் காலை ஒன்பது மணிக்குச் சந்தையிலோ பஸ் ஸ்டாண்டிலோ வெள்ளைச் சுவராகப் பார்த்து முதுகில் வெயில் படும்படி நிற்பார். "இந்த ஆள் உங்களுக்குத் தெரிஞ்சவரான்னு பாருங்க" என்பார். கம்பத்தில் நின்றார், போடியில் நின்றார், குமுளி தாண்டி ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் மலையாளத்திலும் கேட்டார். ஆட்கள் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். தோளைப் பார்த்தால் எஸ்டேட் ஆள் என்றார்கள். நல்ல வளர்த்தி என்றார்கள். அதற்குமேல் யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த முகத்தை ஞாபகப்படுத்திப் பார்க்க ஈஸ்வரபாண்டி எவ்வளவோ முயன்றார். மடையில் ஓடிய தண்ணீர் ஞாபகம் வந்தது, பீடிப் புகை ஞாபகம் வந்தது, முகம் மட்டும் வரவில்லை.

1998-இல் பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் ஜெயமங்கலத்துக்காரர் ஒருவர், அழகர் என்று பேர், நிழலைப் பார்த்ததும் சுடுதரையில் விழுந்து அதைக் கட்டிக்கொண்டு கதறினார். அவருடைய மகன் பாண்டியராஜன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ஆறு வருடமாகியிருந்தது. ஈஸ்வரபாண்டியும் சேர்ந்து அழுதார். புதைத்த இடத்தில் பாண்டியராஜன் என்று பேர் வெட்டிக் கல் நட்டார்கள். அமாவாசைதோறும் ஈஸ்வரபாண்டி நிழலை ஜெயமங்கலத்துக்குக் கூட்டிப் போனார். அவர்கள் அதற்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறினார்கள். இரண்டாவது வருடம் பாண்டியராஜன் சூரத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு வந்து இறங்கினான். அழகர் மகன் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஈஸ்வரபாண்டியைப் பார்த்து, "அப்ப இத்தன நாளா நீங்க யாரக் கொண்டாந்து என் வாசல்ல நிப்பாட்டுனீக?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டார். கல்லை ஈஸ்வரபாண்டியே கடப்பாறையால் தோண்டி எடுத்தார். அதன்பின் இரண்டு வருடம் அவர் எங்கும் போகவில்லை. வீட்டுக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்தார், நிழல் விழாத இடமாகப் பார்த்து.

மறுபடி கிளம்பினார். வருடங்கள் போயின. பொன்னுராஜ் விடுதலையாகி வந்து, நாலு வருடம் யாரோடும் பேசாமல் இருந்து செத்தான். ஈஸ்வரபாண்டிக்கு முதுகு வளைந்தது. நிழல் மட்டும் வளையாமல், முப்பது வயதுக்காரனாகவே பின்னால் வந்தது. 2024-இல் மதுரை ஆஸ்பத்திரியில் அவருக்கு இதயத்தில் இரண்டு அடைப்பு, ஆபரேஷனைத் தாங்குவாரா என்பது சந்தேகம் என்றார்கள். தன் சாவைப் பற்றி அவருக்குப் பெரிய கவலையில்லை. மண்ணுக்குள் வெயில் ஏது? தன்னோடு சேர்த்து அவனையும் புதைத்துவிடுவார்கள், இரண்டாவது தடவையும் பேரில்லாமல். இந்த நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஏற்கனவே போன ஊர்களுக்கெல்லாம் முதலிலிருந்து போக ஆரம்பித்தார். போகாதீர்கள் என்று சொல்லி அலுத்த அக்கம்மாள் தண்ணீர் பாட்டிலை மட்டும் கையில் கொடுத்தாள்.

கடமலைக்குண்டுச் சந்தையில் அவர் முன்பே இரண்டு முறை நின்றிருக்கிறார். அந்த இரண்டு நாளும் நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குள் முனீஸ்வரி இருந்தாள். புருஷன் ஓடிப்போனவளென்று மாமியார் அவளைச் சந்தைக்கு விட்டதில்லை. மாமனாரும் மாமியாரும் காலமான பிறகுதான் அவள் தன் காட்டுத் தக்காளியைக் கொண்டுவந்து சாக்கு விரித்து உட்கார ஆரம்பித்தாள். 2025 ஆனி மாதத்தில் ஒரு சந்தை நாள், குனிந்து அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தவளின் தக்காளிக் குவியல்மேல் ஒரு நிழல் விழுந்தது. விழுந்த நிழல் கையைத் தூக்கிப் பிடரியைத் தேய்த்தது. முனீஸ்வரி நிமிரவில்லை.

"இன்னும் பொடனியத் தேய்க்கிற பழக்கம் போகலையா?" என்றாள்.

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் கூன் விழுந்த, வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நிழலும் உட்கார்ந்தது.

"ஆத்தா, இவுகள உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? கல்யாணமாகி மூணு மாசம் ஒரே வீட்டுல பொழங்குனோம். மாமனார் மாமியார் முன்னால தல நிமிரக் கூடாது. குனிஞ்சே இருந்தேன். அவுக வரப் போக நெழலத்தான் பாத்தேன்." அவள் குரல் ஏறியது. "ஏழரச் சனி புடிச்சிருக்குன்னு குச்சனூருக்குப் போய்ட்டு வாரேன்னு போனாக. கட்டப்பனையில ஒருத்தியோட பாத்தோம்னு ரெண்டு பேரு வந்து சொன்னாக. நீங்க யாரு? அவுக எங்க?"

ஈஸ்வரபாண்டி சொன்னார். சட்டை கொடுத்ததிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னார். பக்கத்துச் சாக்குக்காரர்கள் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முனீஸ்வரி ஒரு தக்காளியைக் கையில் வைத்திருந்தாள். கதை முடிவதற்குள் அது விரல்களுக்கிடையில் கூழாகி வழிந்திருந்தது.

"சட்டையக் கழட்டிக் குடுக்க மனசு வந்துச்சே, பேரக் கேக்க வாய் வரலையா? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் இப்பிடியா இருந்திருப்பேன்?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று அவருக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடமாக இதற்கு அவர் பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார். "கேக்கலத்தா" என்றார். "தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு பாத்துக்கிட்டே பேசுனேன். அந்த மொகத்த நான் சரியாக்கூடப் பாக்கல."

அவள் தக்காளிக் கூழைச் சாக்கில் உதறினாள். பிறகு, "நானும் பாக்கலண்ணே" என்றாள். "கல்யாணப் போட்டோவ மாமியா கோவத்துல கிழிச்சுப் போட்டாக. நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், மூக்கு எப்பிடி, கண்ணு எப்பிடின்னு வரமாட்டேங்குது." ஆக, அந்த முகம் இப்போது உலகத்தில் யாரிடமும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டபோதுதான் இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

"பேரு மட்டும் சொல்லுத்தா" என்று கெஞ்சினார்.

புருஷன் பேரை அவள் ஒருநாளும் உச்சரித்ததில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் உச்சரிப்பதில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஊரு என்னைய ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதான் கூப்புடுது. அவுக பேர இங்கன யாரும் சொல்றதில்ல. நான் சொன்னா என்ன இப்ப?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, நிழலைப் பார்த்து, சந்தைக்கே கேட்கும்படி, "தங்கப்பாண்டியன்" என்றாள். பிடரிக்குப் போய்க்கொண்டிருந்த நிழலின் கை பாதியில் நின்றது. ஈஸ்வரபாண்டி அசையாமல் உட்கார்ந்திருக்க, நிழல் மட்டும் தலையைத் திருப்பி அவள் பக்கம் பார்த்தது.

"அவுகளக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்கண்ணே" என்றாள் முனீஸ்வரி.

அவள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயிலில் ஈஸ்வரபாண்டி வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்தார். நிழல் அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் எழுந்தபோது அது எழவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தார். அவர் காலடியில் வெறும் மண்தான் இருந்தது. குச்சனூர் வந்து சேர்ந்து, மறுநாள் முற்றத்து வெயிலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார். அக்கம்மாள் தரையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் அழுதார். "ஆளில்லாம எப்பிடியோ இருக்கு" என்றார். அவருடைய பழைய நிழல் திரும்பி வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. தீர்ப்பில் பேரைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதிப் போட்டார். அவ்வளவு பழைய வழக்குக் கட்டுகளை எப்போதோ அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. தங்கப்பாண்டியன் என்று பேர் வெட்டிய கல்லை அவர் அதற்குக் காத்திராமல் புதைத்த இடத்தில் நட்டுவிட்டார்.

முனீஸ்வரி தாலியைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று சொல்ல வந்த உறவுக்காரிகள் சாயங்காலம் சுவரைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனார்கள். தினமும் வெயில் சுவருக்கு வந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்து, இப்போது தலை நிமிர்ந்தே, ஏன் அந்தக் குறுக்குப் பாதையில் போனீர்கள், ரோட்டைச் சுற்றிப் போயிருக்கக் கூடாதா என்று கேட்பாள். நிழல் பதில் சொன்னதில்லை. மழைக்காலத்தில் வெயிலில்லாமல் பதினோரு நாள் அது வராதபோது அவள் அடுப்பு மூட்டவில்லை. பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. மேற்குச் சுவரில் அடிக்கலாமா, அவுகளுக்கு ஒன்றும் ஆகாதா என்று தயங்கிக் கேட்டான்.

"அவுக மத்தியானத்துக்கு மேலதான் வருவாக. அதுக்குள்ள காயணும், பாத்துக்க" என்றாள்.

அவன் பதினோரு மணிக்கெல்லாம் அந்தச் சுவரை முடித்துவிட்டு அடுத்த சுவருக்குப் போனான்.