உந்த மாநிலம்

அரசாணையில் "அந்த மாநிலம்" என்று எழுதியிருந்தபடியால் பேருந்து ஐந்து வருடங்களாகப் போய் வந்துகொண்டிருந்தது.

இரண்டு முதலமைச்சர்களும் அடுத்தவர் மாநிலத்தின் பெயரைத் தங்கள் வாயால் சொல்வதில்லை என்று சட்டமன்றத்திலேயே சபதம் போட்டிருந்தார்கள். பிழைக்க வந்த முப்பத்தொன்பது பேரை எந்த மாநிலம் வைத்துக்கொள்வது என்ற தகராறு முற்றியபோது, "மேற்படி நபர்களை அந்த மாநிலத்துக்கு அனுப்புக" என்று ஆணை தயாரானது. இரண்டு தரப்பும் அதில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டன. பேருந்து மேற்குச் சாவடிக்குப் போகும். போய் நின்றதும் அது இந்த மாநிலம் ஆகிவிடும். அதிகாரி ஆணையைப் படிப்பார். அந்த மாநிலத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கும். வண்டி திரும்பும். கிழக்குச் சாவடியிலும் அதே ஆணை, அதே படிப்பு. யாரையும் குறை சொல்வதற்கில்லை, எல்லோரும் எழுத்துப் பிசகாமல் நடந்துகொண்டார்கள்.

இரண்டு சாவடிகளுக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டர் சாலை, பாதியில் ஒரு புளியமரம். அவ்வளவுதான். பயணிகள் சாவடிக் குழாயடியில் குளித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு கால் பேருந்துப் படியில் இருக்க வேண்டும். ஐந்து வருடத்தில் எல்லோருக்கும் அது கைவந்துவிட்டது.

டிரைவர்கள் சாவடிக்குச் சாவடி மாறினார்கள். கண்டக்டர் வேதமுத்து மட்டும் மாறவில்லை. ஏறியவர்கள் இறங்காமல் டிரிப் ஷீட்டை முடிக்க முடியாது, அதை முடிக்காமல் கண்டக்டர் வீட்டுக்குப் போக முடியாது. அவர் வீடு கிழக்குச் சாவடியிலிருந்து இரண்டாவது தெரு. மனைவி ஞானப்பூ தினமும் மதியம் சாப்பாட்டுத் தூக்கும் துவைத்த சட்டையும் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். "எப்ப வீட்டுக்கு வருவீய?" என்று கேட்பாள். "இந்த டிரிப்பு முடியட்டும்" என்பார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

பேருந்தில் ஏறும்போது புவனலோஜினி ஏழு மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதில் படகில் வந்து, முகாமில் வளர்ந்து, நூற்பாலையில் வேலை பார்த்தவள். மகள் சாம்பவி பேருந்திலேயே பிறந்தாள். அப்போது வண்டி புளியமரத்தைத் தாண்டிக்கொண்டிருந்ததாக வேதமுத்து ஷீட்டில் குறித்து வைத்தார். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாதவர் கணக்கில் இல்லை. ஆகவே பிள்ளையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு சீட்டுக்கு சீட்டு தாவி வளர்ந்தாள். ஜன்னலுக்கு மேலே எழுதியிருந்த "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்பதையும், கண்ணாடியில் ஒட்டியிருந்த அரசாணையையும் பார்த்தே எழுத்துக் கற்றுக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவளுக்கு ஐந்து முடிகிறது. அரை டிக்கெட் போட வேண்டும். போட்டால் பேருந்தில் நாற்பது பேர், ஆணையிலோ முப்பத்தொன்பது. கூடுதல் நபரை இறக்கிவிடும்படி இரண்டு சாவடிகளிலிருந்தும் மரியாதையாகக் கடிதம் வந்தது. காலை பத்து மணிக்கு வண்டி எந்தச் சாவடியில் நிற்கிறதோ அங்கே பிள்ளை இறங்கும், தாய் தொடர்ந்து பயணம் செய்வாள். நல்ல காப்பகம் இருக்கிறது, மத்தியானம் முட்டை உண்டு என்றும் எழுதியிருந்தார்கள்.

"பிள்ளையை விட்டிட்டு நான் எங்கை போறது அண்ணை?" என்று லோஜினி கேட்டாள்.

வேதமுத்து டிக்கெட் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே போவது என்பதைப் பயணியிடம் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

வியாழன் பத்து மணிக்கு வண்டி மேற்குச் சாவடியில் நின்றது. அதிகாரி தணிகாசலம் படிவத்தோடு ஏறினார். தமிழில் எம்.ஏ. படித்துவிட்டுச் சாவடி வேலைக்கு வந்தவர், நிதானமான மனிதர். இறங்குமிடம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, முறைப்படி தாயிடம் கேட்டார்.

லோஜினி சாலையைக் கை காட்டினாள். "உதில இறக்கிவிடுங்கோ. உந்தப் புளியமரத்தடியில."

"உந்தவா?"

"ஓம். உந்த."

தணிகாசலம் பேனாவை எடுத்துவிட்டு யோசித்தார். இ அருகில் இருப்பதற்கு, அ தூரத்தில் இருப்பதற்கு, உ இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு. நம் பக்கம் உ புழக்கத்தில் இல்லைதான், ஆனால் அதை யாரும் ரத்து செய்யவில்லை. கிழக்குச் சாவடிக்குப் போன் போட்டார். அங்கிருந்து பார்த்தாலும் அது உந்தப் புளியமரமாகத்தான் தெரிகிறது என்று பதில் வந்தது.

வேதமுத்து தொண்டையைச் செருமினார். "சார், ஒரு ஆள் இறங்கினா அது ஸ்டாப்பிங். ஸ்டாப்பிங்ல யாரு வேணும்னாலும் இறங்கலாம்."

விதியில் அப்படித்தான் இருந்தது.

முதலில் சாம்பவி இறங்கினாள். தரை ஆடாததால் பிடித்துக்கொள்ளக் கம்பி தேடினாள், பிறகு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். லோஜினி அழுதாள். வேதமுத்துவும் கொஞ்சம் அழுதார். முப்பத்தொன்பது பேரும் இறங்கி, பழக்கதோஷத்தில் சீட்டு வரிசைப்படியே மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு அரசுகளும் உந்த மாநிலத்தை அங்கீகரித்துவிட்டன. தனக்கும் இல்லாமல் அடுத்தவனுக்கும் போகாமல் இருந்ததில் இருவருக்கும் திருப்தி.

மறுநாள் தணிகாசலம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து சாம்பவியிடம் கொடுத்தார். ஷீட்டின்படி அந்த மண்ணில் பிறந்தவள் அவள் ஒருத்திதான், மற்றவர்கள் வெளியாட்கள். யார் இருக்கலாம், யார் போகலாம் என்று அவள்தான் எழுத வேண்டும். அவள் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, "இருக்கலாம்" என்று எழுதினாள். அம்மாவுக்கு மட்டும் இரண்டு தடவை எழுதினாள். கடைசியில் வேதமுத்து நின்றார்; ஷீட் முடிந்துவிட்டது, ஆனால் உந்த மாநிலத்தை விட்டுப் போக அவருக்கும் ஓர் ஆணை வேண்டியிருந்தது.

"மாமா, உங்களுக்கு வீட்டை போகோணும் என்ன?"

"ஆமா மக்களே."

அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆணையை எழுதினாள்: "இவரை அந்த மாநிலத்துக்கு அனுப்புக."

வேதமுத்து படித்தார். பிள்ளை முதன்முதலாக எழுதிய வாக்கியம், அ நல்ல சுழியோடு விழுந்திருந்தது. அதில் பேனா வைத்துத் திருத்த அவருக்கு மனசு வரவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறி விசில் கொடுத்தார்.

கிழக்குச் சாவடியில் ஞானப்பூ நின்றுகொண்டிருந்தாள். அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். "அந்த மாநிலம்னு போட்டிருக்கே" என்றார். "ஆமா சார்" என்றார் வேதமுத்து. ஞானப்பூ தூக்கையும் சட்டையையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வண்டி திரும்பியது.

இப்போது பேருந்தில் பயணி அவர் ஒருவர்தான். தனக்கு ஒரு முழு டிக்கெட் கிழித்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். ஒவ்வொரு டிரிப்பிலும் புளியமரத்து ஸ்டாப்பிங்கில் இறங்கி, லோஜினி தருகிற தேநீரைக் குடிக்கிறார். சாம்பவி ஓடிவந்து, "இன்னும் வீட்டை போகேல்லையோ மாமா?" என்று கேட்கிறாள். அவர் இல்லை என்றதும், நில்லுங்கோ என்று சொல்லிவிட்டு, நோட்டை விரித்துப் புதிதாக ஓர் ஆணை எழுதித் தருகிறாள். அவளுடைய எழுத்து நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு வருகிறது.