வெண்கலக் கதவின் பதினோரு நிமிடங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று செந்தாமரை காலை ஐந்தரைக்கே நடவு இயந்திரத்தை வயலில் இறக்கிவிட்டாள். குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். இன்னும் அரை ஏக்கர் கிடக்கிறதே என்று வயல்காரர் கேட்டதற்கு, திங்கட்கிழமை விடிந்ததும் வந்து முடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வாய்க்காலில் கால் கழுவினாள். பத்து மணிக்குத் திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ‘வெண்கலக் கதவு’ படம் போடுகிறார்கள். அதற்காக அவள் முப்பது வருடமாகக் காத்திருந்தாள்.

அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. கேட்டுத்தான் பழக்கம். அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அவள் அண்ணன் அதன் கதைவசன கேசட்டை வாங்கிவந்தான். பஞ்ச காலத்தில் அரசன் நெற்களஞ்சியத்துக்கு வெண்கலக் கதவு போட்டுப் பூட்டுகிறான். வஞ்சி என்ற பெண் தனியாக அரசவைக்குப் போய் வாதாடித் திறக்க வைக்கிறாள். நாடா தேய்ந்து அறுந்துபோன நாளில் செந்தாமரைக்கு மொத்தப் படமும் மனப்பாடம். எல்லோருடைய குரலும் தெரியும், ஒருவருடைய முகமும் தெரியாது. பெரியவளாகி நடவு இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு, எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வயலின் நடுவே வஞ்சியாகவே பேசிக்கொண்டு போவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ‘வசனப் பிரியர்கள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள். வலங்கைமானில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தியாகராசன் நடத்தும் குழு அது. அதில் ஒரே ஒரு சட்டம்தான். வேறு எங்கிருந்தோ வந்ததை அப்படியே அனுப்பக் கூடாது. அன்றைக்கு வீட்டிலோ வேலையிலோ நடந்ததற்குப் பொருத்தமான பழைய பட வசனத்தைத் தன் குரலில் பேசி அனுப்ப வேண்டும். மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கும் ஜாஃபர் சாதிக், துருப்பிடித்த மோட்டாருக்குப் புதுப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்த ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, “ஓடாத குதிரைக்கு ஒன்பது சேணமா, தளபதியாரே?” என்று முழங்குவார். கோடியக்கரையிலிருந்து மீரா சாகிப், உப்பளத்தில் மழை பெய்து உப்பெல்லாம் கரைந்த நாளில், “வானமே, நீ அழுவதற்கு என் முற்றம்தானா கிடைத்தது?” என்று அனுப்பினார். அவருடைய நஷ்டத்துக்காக வருந்தியவர்களும் அந்தக் குரலை நான்கு முறை போட்டுக் கேட்டார்கள்.

செந்தாமரை குழுவில் வெறும் ‘தாமரை’தான். முகப்புப் படமும் ஒரு தாமரைப் பூதான். அவள் முதல்முறை பேசி அனுப்பியதும், இது ரிட்டயர் ஆன தமிழ் டீச்சர் குரல் என்று யாரோ எழுதினார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் டீச்சர். இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்து, நாள் ஆக ஆகச் சொல்வது கூச்சமாகிவிட்டது. படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று அவள் தவித்ததற்கும் அதுதான் காரணம்.

“போயிட்டு வா. அங்க யாரும் உங்கிட்ட சர்டிபிகேட் கேக்கப் போறதில்ல” என்றான் அவள் கணவன் அன்பரசன்.

மண்டப வாசலில் ஷோபனா பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். குழுவில் மகனைத் திட்டுவதற்கென்றே ராஜமாதா வசனங்களைத் தேடிப்பிடித்து அனுப்புவாள். செந்தாமரை பெயரைச் சொன்னதும் அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்தாள்.

“டீச்சரா நீங்க?”

“டீச்சர் இல்லைங்க. நடவு மெஷின் ஓட்டறேன்.”

ஷோபனா எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்டுத்தான் தினமும் வேலைக்குக் கிளம்புவதாகச் சொன்னாள். முன்வரிசைக்குக் கூப்பிட்டாள். செந்தாமரை புடவைக் கரையில் சேறு இருப்பதைக் காட்டிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

தியாகராசன் மேடையேறி, இந்தப் படத்தை ஏழு வருடம் தேடியதைச் சொன்னார். எப்போதோ டிவியில் போட்டபோது மலேசியாவில் ஒரு குடும்பம் பதிவுசெய்து வைத்திருந்த வீடியோ நாடாவிலிருந்து எடுத்தது. எல்லோரோடும் சேர்ந்துதான் பார்ப்பது என்று தானும் இன்னும் பார்க்கவில்லை என்றார்.

படம் ஓடியது. வசனம் வருவதற்கு முன்பே வந்திருந்த அறுபது பேரும் அதை முணுமுணுத்தார்கள். செந்தாமரைக்கு ஒவ்வொரு முகமும் அதிசயமாக இருந்தது. கேசட்டில் கர்ஜித்த அரசன் இத்தனை ஒல்லியா என்று ஆச்சரியப்பட்டாள். வஞ்சி வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

வஞ்சி அரசவைக்குள் நுழைந்தாள். அந்த நொடியில் சத்தம் நின்றுவிட்டது.

படம் மட்டும் ஓடியது. ஜாஃபர் சாதிக் ஓடிப்போய் ஒயர்களை அசைத்துப் பார்த்தார், ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தார். மிஷினில் கோளாறு இல்லை, நாடாவிலேயே சத்தம் அழிந்திருக்கிறது என்றார். ஓட்டிப் பார்த்ததில் பதினோரு நிமிடம் அப்படியே இருந்தது. படத்தின் உயிரே அந்தப் பதினோரு நிமிடம்தான். தியாகராசன் மேடைப் படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஜாஃபர் சாதிக் அவரைப் பார்த்தார். பிறகு அந்த இடத்துக்கே படத்தைத் திருப்பிவிட்டு, மைக்கை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அரசன் வாயைத் திறந்தபோது அவரும் திறந்தார்.

“மூடியது என் ஆணை. திறப்பதென்றாலும் அது என் ஆணை. நடுவில் பேச நீ யார்?”

மண்டபம் கைதட்டியது. ஆனால் அடுத்துப் பேச வேண்டியவள் வஞ்சி. ஷோபனா எழுந்து தொடங்கி ஒரு வரியிலேயே திணறி நின்றாள். திரையில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அந்தக் காட்சியை மறுபடியும் முதலிலிருந்து போடுங்கள் என்று ஷோபனா சொல்லிவிட்டுக் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். “தாமரை, வாங்க.”

செந்தாமரை எழுந்து நடந்தாள். அவள் புடவைச் சேற்றைச் சிலர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். மைக் கைக்கு வந்தபோது அரசன் மறுபடியும் கேட்டான், நடுவில் பேச நீ யார் என்று.

“நட்டவள்” என்றாள் செந்தாமரை.

அந்த ஒரு சொல் வஞ்சியின் உதட்டில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் அது தெரிந்தது. கேசட்டில் அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருக்கும். வஞ்சி அழுகிறாள் என்று நினைத்து இத்தனை வருடமும் அவளும் அழுதபடியே பேசியிருந்தாள். திரையில் இருந்தவள் அழவில்லை. அரசனை நேருக்கு நேர் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

செந்தாமரை குரலை இறக்கிக்கொண்டாள். வார்த்தைகள் நிதானமாக வந்தன.

“நீங்கள் பூட்டி வைத்திருக்கும் நெல்லின் ஒவ்வொரு நாற்றையும் குனிந்து நட்டவள், மன்னா. இதுவரை எங்கள் முதுகைத்தான் பார்த்தீர்கள். இன்று முகத்தைப் பாருங்கள்.”

யாரோ தேம்பும் சத்தம் கேட்டது. ஜாஃபர் சாதிக் அடுத்த வசனத்தை மறந்துவிட்டார். முன்வரிசையிலிருந்து நான்கு பேர் எடுத்துக்கொடுத்தார்கள். அமைச்சருக்குக் குரல் கொடுக்க மீரா சாகிப் எழுந்தார், வாயிற்காவலனுக்குத் தியாகராசனே படியிலிருந்து எழுந்து வந்தார். கதவு திறந்து மக்கள் உள்ளே பாய்ந்தபோது அறுபது பேரும் மக்களாகக் கத்தினார்கள். பக்கத்துக் கடைக்காரர் என்ன சண்டை என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவரும் நின்றுவிட்டார்.

அப்புறம் நாடாவில் சத்தம் திரும்பி வந்தது. ஐயோ என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். படம் முடிந்ததும் அந்தப் பதினோரு நிமிடத்தை மட்டும் இன்னும் இரண்டு முறை ஓட்டினார்கள். மற்ற பாத்திரங்களுக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தது. வஞ்சிக்கு மட்டும் வேறு யாரும் மைக்கைக் கேட்கவில்லை. மதியத்துக்கு வாங்கி வைத்திருந்த பிரியாணி ஆறிப்போனது, மீரா சாகிப் ஊருக்குப் போகும் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டார். மூன்றாம் முறை பேசியதைத் தியாகராசன் பதிவு செய்து, இனிமேல் இந்தப் படத்தை யாருக்குக் கொடுத்தாலும் இந்தக் குரலோடுதான் கொடுப்பேன் என்றார்.

செந்தாமரை வீட்டுக்கு வந்தபோது அன்பரசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படம் எப்படி என்று கேட்டான்.

“நல்லா இருந்துச்சு. நடுவுல கொஞ்சம் நான் பேசினேன்.”

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவள் போனை எடுத்துச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, தியாகராசன் அனுப்பியிருந்த பதிவைப் போட்டுவிட்டாள். அவன் கை பாதியில் நின்றது. பதினோரு நிமிடமும் அப்படியே உட்கார்ந்து கேட்டான். முடிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, சத்தத்தை இன்னும் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டில் இருந்த தன் அம்மாவைக் கூப்பிடப் போனான்.